எதிரியைத் தேர்ந்தெடுக்கும் ஏற்றம்

பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1924ஆம் ஆண்டில். பண்டாரவளை வரை 1894இலேயே வந்துவிட்ட பாதை, மிகுதியாயிருந்த அந்தச் சிறு தூரத்தைக் கடக்க முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இடையில் உலகப் போர் குறுக்கிட்டது உண்மை. ஆயினும் சரிவே பெரிய தடையாக இருந்தது. நாற்பத்து நான்கு அடி ஓடினால் ஓரடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது மலைப்பாதை அமைத்த பொறியியலாளர்கள் தமக்கு விதித்துக்கொண்ட எல்லை. தெமோதரையில் அந்த எல்லைக்குள் இறங்க இடம் போதவில்லை. ஆகவே பாதையை வளையமாகச் சுற்றவிட்டு, நிலையத்தின் காலடியிலேயே சுரங்கம் குடைந்து வெளியே கொண்டுபோனார்கள். கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைக் கண்டுதான் இந்த யோசனை பிறந்தது என்று ஒரு கதை எங்கள் பக்கத்தில் வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, ஏற்றத்தைத் தவிர்ப்பதற்காக மனிதன் எவ்வளவு தூரம் சுற்றுவான் என்பதற்குத் தெமோதரை ஓர் அளவுகோல்.

இதற்கு நேர்மாறாக, ஏற்றத்தைத் தேடிப்போய், அது போதாதென்றால் இன்னும் செங்குத்தான வீதியைக் கண்டுபிடித்து அதன்மேல் மனிதரை ஏறவைக்கும் ஒரு தொழிலும் உலகில் இருக்கிறது. தொழின்முறைச் சைக்கிள் பந்தயத்தைச் சொல்கிறேன். பசறைப் பக்கத் தோட்டமொன்றிற் பிறந்து ரொறன்ரோவில் வாழும் நண்பர் ஒருவர், 2025 செப்டெம்பரில் றுவாண்டாவின் தலைநகர் கிகாலியில் நடந்த உலகச் சாம்பியன் பந்தயத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். ததேய் பொகாச்சாருக்கு நேர் எதிரி என்று எல்லோரும் சொல்லும் மத்தியூ வான் டெர் பூல் அங்கே வரவேயில்லை. "பயந்துட்டாரா அண்ணே?" என்பது அவருடைய கேள்வி. அதற்கு ஒரு சொல்லில் விடை சொல்ல முடியாது. சைக்கிள் பந்தயத்தின் நூறாண்டு வரலாறே அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் சோளகக் காற்றுக்கு எதிரே துவிச்சக்கர வண்டி மிதித்தவர்களுக்கு இது புதிதன்று. முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னே ஒண்டிக்கொண்டால் பாதிப் பாரம் குறைந்ததுபோல் இருக்கும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வீரன் ஒருவன், பிறருக்குப் பின்னால் மறைந்துகொண்டால் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு உழைப்பை மிச்சம் பிடிக்கலாம். ஆகவே சமதரையில் வலியவனும் எளியவனும் ஒரே கூட்டமாகப் போய்ச் சேருகிறார்கள். கடைசி இருநூறு மீற்றரில் விரைந்து பாய்பவன் வெல்கிறான். ஏற்றத்தில் வேகம் குறைகிறது. வேகம் குறையக் காற்றின் தடையும் குறைகிறது. ஒண்டுவதற்கு நிழல் இல்லை. ஒவ்வொருவனும் தன் உடம்பின் பாரத்தைத் தானே தூக்கவேண்டும். அங்கே தசைபலம் மட்டும் போதாது, உடல் மெலிந்தும் இருக்கவேண்டும். ஹாலிஎலவிலிருந்து மேலேறும் வீதியில், என் பழைய றலி சைக்கிளை நான் மிதித்த தூரத்தைவிடத் தள்ளிய தூரமே அதிகம். அந்த அனுபவத்தின் பலத்திலும் இதைச் சொல்கிறேன்.

1903இல் பிரான்சைச் சுற்றும் பந்தயத்தைத் தொடங்கியது ஒரு பத்திரிகை என்பது என்னைப் போன்றவர்களுக்குச் சற்றுப் பெருமை தரும் செய்தி. போட்டிப் பத்திரிகையான 'லு வேலோ'வை வீழ்த்துவதற்காக 'லோட்டோ' நாளிதழின் ஆசிரியர் ஹென்றி தெக்ரான்ஜ் கையாண்ட உத்தி அது. அடுத்த ஆண்டே 'லு வேலோ' மூடப்பட்டது. பத்திரிகைப் பகையில் பிறந்த பந்தயத்துக்கு வீரர்களுக்கிடையேயும் பகை தேவைப்பட்டது. 1909இல் வென்ற பிரான்சுவா ஃபாபர் தொண்ணூறு கிலோவை நெருங்கிய பேருடல்காரர். மழையிலும் சேற்றிலும் தொடர்ந்து ஐந்து நாட்கள் வென்றவர். சமதரை வீதியில் அவரை அசைக்க ஆளில்லை.

1910இல் பிரெனே மலைத்தொடருக்குப் பந்தயத்தைக் கொண்டுபோகலாம் என்று தெக்ரான்ஜிடம் வற்புறுத்தியவர் அவருடைய பத்திரிகையாளர் அல்போன்ஸ் ஸ்டெய்னெஸ். வழியைப் பார்த்துவர அவரே போனார். 2,115 மீற்றர் உயரமான டூர்மலே கணவாயில் அவருடைய மோட்டார் வண்டி பனியில் நின்றுவிட்டது. இருளில் தனியே நடந்து, வழிதவறி, உயிர் பிழைத்ததே பெரும்பாடு என்ற நிலையில் மறுபக்கம் போய்ச் சேர்ந்தார். சேர்ந்ததும் ஆசிரியருக்குத் தந்தியடித்தார்: வீதி நன்றாக இருக்கிறது, தாராளமாகப் போகலாம் என்று! நிருபர்கள் அனுப்பிய தந்திகளில் இதைவிடத் துணிச்சலான பொய்யை நான் அறியேன்.

அவ்வாண்டு ஜூலை 21ஆம் தேதி, லூஷோனிலிருந்து பயோன் வரை 326 கிலோமீற்றர், இடையில் டூர்மலே, ஒபிஸ்க் முதலிய கணவாய்கள். கியர் மாற்ற வழியில்லாத கனத்த இரும்பு வண்டிகள். சிறிய உடம்புக்காரரான ஒக்டாவ் லாபீஸ் பாதி மிதித்தும் பாதி நடந்தும் டூர்மலேயை முதலாவதாகக் கடந்தார். ஒபிஸ்க்கில் நின்றிருந்த ஏற்பாட்டாளர்களைப் பார்த்து 'கொலைகாரர்கள்' என்று கத்திவிட்டு மேலே போய், அன்றைய ஓட்டத்தையும் அவரே வென்றார். பரிஸை அடைந்தபோது, குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர் என்ற அக்கால விதிப்படி, லாபீஸுக்கு 63, ஃபாபருக்கு 67. டயர் பழுதுகளும் அந்தக் கணக்கில் உண்டு. மலை மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மலை இல்லாவிட்டால் ஃபாபருக்கு அருகில் லாபீஸ் வந்திருக்கமாட்டார். இருவரும் ஒரே நிறுவனத்தின் அணியைச் சேர்ந்தவர்கள் என்பதையும் கவனிக்கவேண்டும். அவர்களை எதிரிகளாக்கியது நிலம்தான். பின்னர் இருவருமே முதலாம் உலகப் போரில் மாண்டார்கள்: ஃபாபர் 1915இல், லாபீஸ் 1917இல்.

ஏற்றம் எந்த இடத்தில், எத்தனை நீளமாக வைக்கப்படுகிறது என்பதில் எல்லாம் இருக்கிறது. 1964இல் ஜாக் அங்கெத்தீலும் ரேமோன் பூலிதோரும் புய் டு டோம் என்ற அணைந்த எரிமலையில் தோளோடு தோள் உரசி ஏறினார்கள். தனியாக நேரத்துக்கெதிரே ஓடுவதில் அங்கெத்தீல் வல்லவர், மலையேறுவதில் பூலிதோர். அங்கெத்தீல் களைத்திருந்தார். ஆனால் பின்னால் ஒண்டாமல் பக்கத்திலேயே வந்தார். எதிரி களைக்கவில்லை என்று பூலிதோர் நம்பட்டும் என்பதே கணக்கு. உச்சிக்குச் சற்றுக் கீழேதான் பூலிதோரால் பிரிய முடிந்தது. 42 விநாடிகளை மீட்டார், 56 வேண்டியிருந்தது. இன்னும் ஒரு கிலோமீற்றர் மலை இருந்திருந்தால், பதினான்கு விநாடிகளும் போயிருக்கலாம். எட்டு முறை முதல் மூவருள் வந்த பூலிதோர், மஞ்சட் சட்டையை ஒருநாளேனும் அணிந்ததில்லை.

இத்தாலியர்கள் ஏற்றத்தைப் பயன்படுத்திய விதம் வேறு. மிலான்–சான் ரெமோ பந்தயம் ஏறத்தாழ 300 கிலோமீற்றர், பெரும்பகுதி சமதரை. கூட்டமாக வந்து கடைசியில் பாய்பவர்கள், அதிலும் வெளிநாட்டவர்கள், வெல்லத் தொடங்கியதும் 1960இல் முடிவிடத்துக்கு அருகே போஜியோ என்ற குன்றைச் சேர்த்தார்கள். அது வெறும் 3.7 கிலோமீற்றர், சராசரிச் சரிவு நான்கு சதவீதத்துக்கும் குறைவு. எங்கள் வெல்லவாய – எல்ல வீதி 800 மீற்றருக்கு மேல் ஏறுகிறது. அதன் பக்கத்தில் போஜியோ ஒரு திண்ணை. ஆயினும் இத்தாலியர் ஒருவர் மீண்டும் வெல்ல 1970 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. 1982இல் சிப்ரெஸ்ஸா என்ற இன்னொரு குன்றும் சேர்ந்தது. இந்தக் குன்றுகள் பாய்பவனை முற்றாக விலக்குவதில்லை. மலையேறுபவனுக்கு வெற்றியை உறுதிசெய்வதுமில்லை. இருவருக்கும் நம்பிக்கை தருகின்றன. நல்ல பகைக்கு வேண்டிய களம் இதுதான் என்பது என் கருத்து.

2025 மார்ச்சில் அதைக் கண்ணாற் கண்டோம். ஏறத்தாழ 66 கிலோ எடையுள்ள பொகாச்சார், சிப்ரெஸ்ஸாவிலும் போஜியோவிலும் மீண்டும் மீண்டும் தாக்கினார். ஏறத்தாழ 75 கிலோ எடையுள்ள வான் டெர் பூல் விடவில்லை. இத்தாலியரான கன்னாவும் சேர மூவராக வந்தார்கள். வான் டெர் பூல் வென்றார். அடுத்த மாதம் பிளாண்டர்ஸில் குன்றுகள் அதிகம், அங்கே பொகாச்சார். அதற்கடுத்த வாரம் பரிஸ்–ரூபே, ஏற்றமே இல்லை, கரடுமுரடான கல்பாவிய வீதிகள், மெலிந்தவனுக்கு நரகம். அங்கேயும் பொகாச்சார் போனார். வளைவொன்றில் விழுந்து இரண்டாமிடம். வென்றவர் மறுபடி வான் டெர் பூல். (இவர் பூலிதோரின் மகள் வயிற்றுப் பேரன். பாட்டனாருக்குக் கிட்டாத மஞ்சட் சட்டையை 2021இல் ஆறு நாட்கள் அணிந்தவர்.)

கிகாலிக்கு வருவோம். 267.5 கிலோமீற்றர், மொத்த ஏற்றம் ஏறத்தாழ 5,475 மீற்றர். வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஒரே நாளில் ஆறு முறைக்கும் மேல் ஏறுவதற்குச் சமம். அதுவும் அப்புத்தளை அளவு உயரத்தில், காற்று மெலிந்த ஊரில். வரைபடத்தைப் பார்த்த வான் டெர் பூல், அது தமக்கான பந்தயமன்று என்று ஒதுங்கி, அதே மாதம் சுவிற்சர்லாந்தில் நடந்த மலைச்சைக்கிள் உலகப் போட்டியைத் தேர்ந்துகொண்டார். பயமன்று, கணக்கு. ஒன்பது கிலோ அதிகமான உடம்பை அத்தனை முறை மேலே தூக்க எந்த நெஞ்சுரமும் உதவாது. பந்தயமும் அதையே காட்டியது. இன்னும் நூறு கிலோமீற்றருக்கு மேல் இருக்கும்போதே பொகாச்சார் பிரிந்துவிட்டார். எவனபூல் ஒன்றரை நிமிடம் பின்னால் இரண்டாவதாக வந்தார். ஓடி முடித்தவர்கள் முப்பது பேர். மகத்தான சாதனைதான், ஆனால் பகை என்று சொல்ல அங்கே எதுவும் எஞ்சவில்லை. அளவுக்கு மிஞ்சிய ஏற்றமும் சமதரையைப் போலவே போட்டியைக் கொன்றுவிடுகிறது.

வரைபடத்தைப் பார்த்து 'இது எனக்கு வேண்டாம்' என்று சொல்லும் அந்த உரிமையை எண்ணும்போது என் மனம் தோட்டத்துக்குத் திரும்புகிறது. காலைப் பெரட்டில் எந்த மலைக்குப் போவது என்பதைக் கொழுந்து பறிக்கும் பெண் தீர்மானிப்பதில்லை. சரிவு குறைந்த மலையும் உண்டு, கால் பதிக்க இடமில்லாத மலையும் உண்டு. பறித்தாகவேண்டிய கிலோவைத் தராசு மட்டுமே சொல்கிறது, சரிவை அது கேட்பதில்லை. நிறைந்த கூடையோடு அவள் நடக்கும் குறுக்குப்பாதை, நாற்பத்து நான்கடிக்கு ஓரடி என்ற கணக்கில் வெட்டப்பட்டதுமன்று. புகையிரதத்துக்கு ஒரு வளையம் கட்டிக்கொடுத்தார்கள். லயத்துக்குப் போகும் வழி செங்குத்தாகவே நின்றது. யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கொரு துவிச்சக்கர வண்டி நின்ற காலத்திலும் தோட்டத்தில் அது அபூர்வப் பொருளாக இருந்ததற்கும் காரணம், வறுமையோடு சேர்ந்த இந்தச் சரிவே.

றுவாண்டாவும் தேயிலை விளையும் குன்று நாடுதான். அங்கே நடந்தது ஊவாவில் நடக்காதா என்று நண்பர் கேட்டார். இறக்கத்தை மறந்துவிடக் கூடாது என்றேன். 1992 ஒலிம்பிக் வீதிப் பந்தயத்தில் தங்கம் வென்ற ஃபாபியோ கசார்தெல்லி, 1995இல் பிரெனே மலையிறக்கத்தில் விழுந்து இறந்தார். எங்கள் எல்ல – வெல்லவாய வீதியில் 2025 செப்டெம்பர் 4ஆம் தேதி இரவு பேருந்து ஒன்று பள்ளத்தில் பாய்ந்து பதினைந்து பேர் மாண்டார்கள். அந்த வீதிக்குத் தடுப்புச் சுவரும் ஒழுங்கான பராமரிப்பும் முதலில் வரவேண்டும். பந்தயம் பிறகு வரட்டும்.

வருமானால், வெல்லவாயவில் தொடங்கி கொஸ்லந்தை, பெரகலை வழியாக அப்புத்தளையில் முடிப்பது ஒரு முறை. அது 1,200 மீற்றருக்கு மேற்பட்ட ஏற்றம், உச்சியிலேயே முடிவு, பெரகலைச் சந்தியிலேயே வென்றவரின் பெயரை எழுதிவிடலாம். நான் அதை விரும்பமாட்டேன். இராவணன் அருவியைத் தாண்டி எல்லவுக்கு ஏறட்டும்; மெலிந்தவன் அங்கே ஒரு நிமிடம் முந்தட்டும். பிறகு கும்பல்வெல, தெமோதரை, ஹாலிஎல என்று இறங்கும்போது பாரமானவன் துரத்தட்டும். கடைசிச் சில கிலோமீற்றர்கள் ஓரளவு சமமான வீதி. பதுளைப் பட்டணத்தில், வெலகடேயின் எண்கோணப் பழைய சந்தைக் கட்டடத்துக்கு முன்னால் கோடு போடலாம். தெமோதரை வளைவுகளில் தோட்டத்துச் சனம் நிற்க நிறைய இடமுண்டு. அங்கே மேலிருந்து வருபவர்களை இருமுறை பார்க்கலாம்.