கட்டிச்சம்பாவின் வாரிசு: நாஞ்சில் நாட்டு நெல்லில் மரபு இறங்கிய வழி

நாஞ்சில் நாட்டில் சொத்து இறங்கிய முறைக்கு மக்கள்வழி, மருமக்கள்வழி என்று இரண்டு பெயர். மாமன் சொத்து உடன்பிறந்தாள் பிள்ளைக்குப் போன இரண்டாவது வழக்கத்தைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மிய’த்தில் எள்ளி நகையாடினார், 1926-இல் திருவிதாங்கூர் அரசின் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் பெற்ற பிள்ளைகளுக்கும் பங்கு வகுத்தது. அம்மண்ணின் நெல்லுக்கும் மரபு இரண்டு வழியாக இறங்கியிருக்கிறது. திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8-ஐத் தாயாகவும் உள்ளூர்க் கட்டிச்சம்பாவைத் தந்தையாகவும் வைத்து உருவாக்கிய டி.பி.எஸ்.1 இதற்குச் சான்று. புதுநெல் வந்து நாட்டுநெல் கரைந்துபோயிற்று என்பார்கள். போனது உண்மையாக இருக்கலாம். ‘கரைந்து’ என்ற சொல்தான் பிழை.

மரபுப் பண்பு பாலில் விட்ட தண்ணீர் அல்ல. 1866-இல் மெண்டல் வெளியிட்ட கணக்கில், நெட்டைப் பட்டாணியும் குட்டைப் பட்டாணியும் கூடிய முதல் தலைமுறை முழுக்க நெட்டை. அடுத்த தலைமுறையில் 787 நெட்டை, 277 குட்டை. நடுத்தர உயரம் எங்கும் இல்லை. 1962-இல் பிலிப்பைன்ஸின் லாஸ் பாஞோஸில் இந்தோனேசியாவின் நெட்டை நெல்லான பேட்டாவைத் தைவானின் குட்டை நெல்லோடு சேர்த்தபோதும் முதல் தலைமுறை நெட்டையாகவே நின்றது. இரண்டாவதில் ஏறக்குறைய கால்பங்கு குட்டை. அந்தக் குட்டைகளிலிருந்துதான் 1966-இல் ஐ.ஆர்.8 வந்தது. பின்னாளில் பட்டாணியின் உயர மரபணுவையும் நெல்லின் குட்டை மரபணுவையும் பிரித்துப் பார்த்தபோது, இரண்டுமே ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தயாரிக்கும் வேலையைச் சேர்ந்தவை எனத் தெரிந்தது. ஒரு தலைமுறை முழுக்க ஒளிந்திருந்த குட்டைத்தன்மை தேயாமல் வெளிவந்ததே என் வாதத்தின் அடிப்படை.

இந்தக் கலப்புகளில் உயரம் ஒற்றை மரபணுவின் காரியம். விளைச்சலும் ருசியும் அப்படியா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவற்றைப் பல மரபணுக்கள் சேர்ந்து நடத்துகின்றன. அதனால் அவை கலந்து குழைந்ததுபோல் தோன்றும். ஆனால் தோற்றம்தான் குழைகிறது, மரபணு குழைவதில்லை. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தன்மகரந்தச் சேர்க்கையில் தலைமுறைகள் கடந்து நிலைத்த வரிசையில், இரு பெற்றோரும் வேறுபடும் ஒவ்வொரு இடத்திலும் ஒருவருடைய மரபணுவே தங்கும். சராசரியாகப் பாதிதான் தந்தையுடையது. மேலும் நாட்டுநெல் வயல் என்பது ஒரே வரிசையல்ல, பல வரிசைகளின் கூட்டம். கலப்புக்குப் போனது அதில் ஒரு கதிர். ஆகவே கட்டிச்சம்பாவின் துண்டுகள் பிழைத்தன, கூட்டம் பிழைக்கவில்லை. இந்த இழப்பை நான் மறுக்கவில்லை.

இனி மருமக்கள்வழி. நெல்லில் கலப்புச் செய்பவர் தாய்ப்பூவின் உமி நுனியைக் கத்தரித்து, ஆறு மகரந்தப்பைகளையும் நீக்கி, கதிருக்கு உறையிட்டு, பிறகு தந்தைக் கதிரின் மகரந்தத்தை அதன்மேல் உதிர்ப்பார். உட்கருவில் இருவருக்கும் சமபங்கு. மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் தாயிடமிருந்தே வரும். டி.பி.எஸ்.1-இன் தாய் ஐ.ஆர்.8, அதன் தாய் பேட்டா, பேட்டாவின் தாய் சீனா என்னும் பெயருடைய நெல். நம்மாழ்வாரின் தாய் உடையநங்கை பிறந்த ஊர் என்று வைணவர் போற்றும் திருப்பதிசாரத்தில் உருவான நெல்லுக்குத் தாய்வழி உறவு இங்கே யாருமில்லை! அது அற்பப் பங்குதானே என்று தள்ளவும் முடியாது. 1970-இல் அமெரிக்க மக்காச்சோளத்தின் பெரும்பகுதி டெக்சாஸ் சைட்டோபிளாசம் என்ற ஒரே தாய்வழியைச் சேர்ந்ததாக இருந்தது. அந்தத் தாய்வழியையே எளிதில் தாக்கிய இலைக்கருகல் நோய் நாட்டு விளைச்சலில் சுமார் 15 சதவீதத்தைக் கொண்டுபோனது.