கடைசல் பட்டறையும் பேனாப் பெட்டிகளும்

நம் வட்டத்தின் பத்தாண்டுக் கூட்டங்களில் கவிதையைப் பற்றிப் பேசியிருக்கிறோம். யாப்பைப் பற்றி வாதிட்டிருக்கிறோம். அச்சுப் பிழைகளுக்காகச் சண்டையும் இட்டிருக்கிறோம். கவிதையைத் தாளில் இறக்கி வைத்த பேனாவைப் பற்றி ஒரு மாலைப்பொழுதும் பேசியதில்லை. மலர்க் குழுவினர் வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. பேனாவின் வரலாற்றை முழுமையாகச் சொல்வது என் நோக்கமன்று. வீட்டுத் திண்ணையிலும் பின்கட்டிலும் அமர்ந்து பேனா கடைந்தவர்கள் தம் கட்டைகளையும் கருவிகளையும் எவ்வாறு வகுத்து வைத்தார்கள் என்னும் சிறு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சிறு செய்திதான், ஆயினும் ஒரு தொழில் வாழ்வதும் மாய்வதும் அதில் அடங்கியிருக்கிறது என்பதை நான் காலம் கடந்து கற்றுக்கொண்டேன்.

சொல்லும் தொழிலும்

‘பேனா’ போர்ச்சுக்கீசியர் வழியாக நமக்கு வந்த சொல். இறகு என்பதே அதன் மூலப்பொருள். அதற்கு ஈடாக நாம் எழுதும் ‘தூவல்’ என்பதற்கும் இறகு என்றே பொருள். ஆனால் பேனாவைச் செய்யும் தொழிலுக்கு நமக்குக் கடன்சொல் தேவைப்படவில்லை. ‘கடைதல்’ நம்முடைய வினை. தயிரைக் கடைவதும் மரத்தைக் கடைவதும் தமிழில் ஒரே சொல்லாக இருப்பது தற்செயலன்று. மத்தில் கயிற்றைச் சுற்றி மாறி மாறி இழுப்பது போலவே, பழைய கடைசல்காரர் கட்டையில் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் சுழலவிட்டு, அதன்மேல் உளியைப் பிடித்தார். பின்னாளில் சக்கரம் வந்தது; மின்விசை வந்தது; சொல் மாறவில்லை.

எழுத்தாணிக் காலத்தில் எழுதுவோனுக்குப் பெட்டிகள் பெரிதாகத் தேவைப்படவில்லை. மடக்கெழுத்தாணியைப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். ஓலையை நறுக்கும் கத்தியும் எழுதும் ஆணியும் ஒரே பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். கருவியே தனக்கு உறையாகவும் இருந்தது. பாதுகாப்பெல்லாம் ஏட்டுக்குத்தான்: துளையிட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்து, எண்ணெய் பூசி, ஏடுகளைக் காத்தார்கள். மைப்பேனா வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. உடல், கழுத்து, மூடி, நிப்பு, நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் நாக்கு, சட்டைப்பையில் செருகும் கிளிப்பு எனப் பேனா பல உறுப்புகளாகப் பிரிந்தது. உறுப்பு ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பொருள். பொருள் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு குணம். அவற்றை ஒரே கூடையில் கொட்டி வைக்க முடியாது.

கருங்காலியின் பெயர் கொண்ட ரப்பர்

ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் 1844ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்தால் ரப்பர் மரம்போல் இறுகும். அந்தக் கடின ரப்பருக்கு அவருடைய தம்பி நெல்சன் குட்இயர் 1851இல் காப்புரிமை பெற்றார். கருங்காலி மரத்தைப் போலக் கறுத்து மின்னியதால், அம்மரத்தின் ஆங்கிலப் பெயரை ஒட்டி அதற்கு எபோனைட் என்று பெயர் வந்தது. மையில் உள்ள அமிலம் அதை அரிப்பதில்லை. உளிக்கு அது இணங்கும். மரையும் அதில் நன்றாக விழும். லூயிஸ் வாட்டர்மன் 1884இல் மை சீராக இறங்கும் நாக்குக்குக் காப்புரிமை பெற்றபின் மைப்பேனாத் தொழில் வேகமாக வளர்ந்தது. அந்த வளர்ச்சிக்கு உடல் தந்தது எபோனைட்டே எனலாம்.

கருவிகளை அடுக்கும் கலைக்கும் ஒரு முன்வரலாறு உண்டு. இலண்டனில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹோல்ட்சாப்ஃபெல் குடும்பத்தார் கடைசல் இயந்திரம் செய்யத் தொடங்கினர். வசதி படைத்தோர் தம் வீட்டிலேயே பொழுதுபோக்காகக் கடைசல் செய்வதற்கு அவற்றை வாங்கினார்கள். இயந்திரத்தோடு இழுப்பறைகள் கொண்ட பேழையும் செய்து தருவது அவர்கள் வழக்கம். வெட்டுளி ஒவ்வொன்றுக்கும் அதற்கென்றே குடைந்த இடமும் எண்ணும் இருக்கும். ஓர் உளி குறைந்தால் வெற்றிடம் கண்ணில் படும். அக்குடும்பத்தின் சார்லஸ் ஹோல்ட்சாப்ஃபெல் 1843இல் வெளியிடத் தொடங்கிய கடைசல் கலை நூல், அவர் மறைவுக்குப்பின் மகனால் தொடரப்பட்டு, 1884இல் ஐந்தாம் தொகுதியை எட்டியது. ஆயினும் அவர்களுடைய மரைகள் பொது அளவுக்கு உட்பட்டவையல்ல. தமக்கென்று தனி அளவு வைத்திருந்தார்கள். பேழையில் இருந்த கருவி தொலைந்தால் வேறிடத்தில் வாங்கி ஈடுகட்ட முடியாது. இந்தச் செய்தியை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்குத் திரும்புவேன்.

கோதாவரிக் கரையில்

நம் நாட்டில் பேனாத் தொழில் சுதேசி உணர்வோடு பிணைந்து வளர்ந்தது. 2015 முதல் இராஜமகேந்திரவரம் என்று வழங்கும் இராஜமுந்திரியில், கே. வி. ரத்னம் 1932இல் பேனாத் தொழிலைத் தொடங்கினார். தொடக்கத்தில் செய்த பேனாக்களில் வெளிநாட்டு உறுப்புகளும் இருந்தன. முழுவதும் உள்நாட்டுப் பொருளால் ஆன பேனா வேண்டும் என்பதே காந்தியடிகளின் எதிர்பார்ப்பு. அத்தகைய பேனா பின்னர் ஜே. சி. குமரப்பாவின் வழியாக அவரிடம் சேர்ந்தது. 1935 ஜூலையில் காந்தியடிகள் அதைப் பாராட்டி ரத்னத்துக்குக் கடிதம் எழுதினார்.

இடையில் நின்ற குமரப்பா தஞ்சாவூரில் பிறந்த தமிழர். 1934இல் அமைந்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளர். அவர் போன்றவர்கள் எழுப்பிய கேள்வி எளியது: இந்த உறுப்பு எங்கிருந்து வந்தது? இக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால் பட்டறையில் உள்ள பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஊர் தெரிந்திருக்க வேண்டும். வாங்கியதும் செய்ததும் தனித்தனியே இருக்க வேண்டும். ஒழுங்காக அடுக்கி வைப்பது வெறும் வசதிக்காக அன்று, நேர்மைக்காகவும்தான் என்பதை அந்த ஒரு பேனா காட்டியது.

தமிழகத்திலும் இத்தொழிலுக்கு வேர் உண்டு. திருவள்ளூரில் ரங்கா பேனாக் குடும்பத்தார் எபோனைட் பேனாக்களைக் கையால் கடைந்து வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறார்கள். பெயர் வெளியே தெரியாமல் வீட்டுக்குள்ளேயே கடைந்து மறைந்தவர்களும் இருந்தனர். அவர்களுள் ஒருவர் என் தாய்மாமன்.

மாமாவின் பின்கட்டு

கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் மாமாவின் வீடு. பின்கட்டில் கிணற்றுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் நடுவே, பத்தடிக்கு எட்டடி அளவில் ஓர் அறை; அதுவே பட்டறை. பள்ளி விடுமுறைகளில் நான் அங்கே எடுபிடி வேலை செய்வேன். எதை எங்கிருந்து எடுத்தேனோ அங்கேயே வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் அவர் திட்டமாட்டார். வேலையை நிறுத்திவிட்டு நான் சரிசெய்யும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது திட்டுவதைவிடக் கடுமையாக இருக்கும்.

எபோனைட் கம்பிகளை அவர் வெயில் படவிடமாட்டார். பழுப்புத் தாளில் சுற்றி, மூடியுள்ள மரப்பெட்டியில் கட்டிலின் கீழ் வைப்பார். வெளிச்சமும் ஈரமும் பட்டால் எபோனைட்டின் கறுப்பு மங்கிப் பழுப்பும் பச்சையுமாகும். மேற்பரப்பில் உள்ள கந்தகம் அமிலமாக மாறுவதே காரணம். அதே கந்தகம் பித்தளையையும் வெள்ளியையும் கறுக்கச் செய்யும். ஆதலால் கிளிப்புகளும் வளையங்களும் எதிர்ச்சுவரில் வேறு தகரப்பெட்டியில் இருந்தன.

வண்ணப் பேனாவுக்கான செல்லுலாய்டு கம்பிகள் துணிப்பையில், அடுப்பங்கரைக்கு எட்டாத காற்றோட்டமான மூலையில் தொங்கும். அது எளிதில் தீப்பற்றும் பொருள். கற்பூரம் சேர்த்துச் செய்வது. அதை இறுக மூடி வைக்கக்கூடாது. அதன் சீவலை அன்றன்றே பெருக்கி வெளியேற்ற வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம். கருங்காலி, நூக்கு முதலிய மரத்துண்டுகளின் இரு முனைகளையும் உருக்கிய மெழுகில் தோய்த்து, வாங்கிய ஆண்டைச் சுண்ணக்கட்டியால் எழுதி அடுக்குவார். முனைவழியே ஈரம் விரைந்து வெளியேறினால் மரம் வெடிக்கும். பழைய துண்டே முதலில் எடுக்கப்படும்.

துளைக்கும் கருவிகளுக்கு ஒரு தேக்குப் பலகை. ஒவ்வொரு கருவிக்குமுரிய துளை அதே கருவியால் போட்டது. பெரியது சிறிய துளையில் நுழையாது. சிறியது பெரிய துளையில் ஆடும். இருட்டில்கூடத் தவறு தெரிந்துவிடும். உப்புத்தாள்கள் சொரசொரப்பில் தொடங்கி நுண்மையில் முடியும் வரிசையில் தொங்கும். முரட்டுத் தாளின் ஒரு மணல் நுண்தாளில் ஒட்டிக்கொண்டாலும் முடித்து வைத்த மெருகில் கோடு விழும். நிப்புகள் எண்ணெய் தடவிய தாளில், முனையின் பருமன்வாரியாகச் சிறு டப்பிகளில் உறங்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே, சாமி மாடத்துக்குக் கீழே, ஒரு மூங்கில் தட்டு. அதில் டாப்புகளும் டைகளும் இருந்தன. டாப்பு மூடியின் உட்புறத்தில் மரை வெட்டும். டை உடலின் வெளிப்புறத்தில் வெட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் மூடி திருகும். அவற்றைக் கடையில் வாங்காமல் மாமா தாமே செய்துகொண்டார். எனவே அந்த அளவு உலகில் வேறெங்கும் இல்லை. இணையான இரண்டையும் ஒரே நூலால் கட்டி, இரண்டின்மேலும் அரத்தால் ஒரே தமிழ் எண்ணைக் கீறியிருப்பார்: ௧, ௨, ௩ என்று பதினொன்று வரை. ஆயுத பூசையன்று மட்டும் நூலை அவிழ்த்து, துடைத்து, சந்தனம் வைத்து, மறுபடியும் கட்டுவார்.

பிரிந்த இணை

நான் கல்லூரிக்குச் சென்ற ஆண்டில் மாமா எனக்கு ஒரு பேனா கடைந்து கொடுத்தார். அச்சேறிய என் முதல் கவிதையை அதில்தான் எழுதினேன். அதன் உடலில் மிகச் சிறிதாக ௭ என்று கீறியிருந்தது. எந்த இணையால் மரை வெட்டியது என்பதற்கான குறிப்பு அது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அழகுக்காக இட்டது என்றே எண்ணியிருந்தேன்.

1998இல் மாமா மறைந்தார். ‘முறையையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளடா’ என்று அவர் இருமுறை சொல்லியிருந்தார். அடுத்த விடுமுறையில் என்று நானும் இருமுறை சொல்லியிருந்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சென்றபோது அறை ஒழிக்கப்பட்டிருந்தது. வீட்டாரைக் குறைசொல்ல மாட்டேன். அவர்களுக்கு அது இடம் அடைத்துக்கொண்டிருந்த இரும்பு. பழைய இரும்பு வாங்குபவர் எடைபோட்டு எடுத்துச் சென்றிருந்தார். தமிழ் எண்களைப் படிக்கத் தெரிந்தவர் அன்று அவ்வீட்டில் யாரும் இல்லை. அவற்றை வெறும் கீறல் என்றே நினைத்திருக்கிறார்கள். நூல்களை அறுத்து, பருத்தவற்றை ஒரு சாக்கிலும் மெலிந்தவற்றை ஒரு சாக்கிலும் போட்டார்களாம். மூங்கில் தட்டின் அடியில் சிக்கி எஞ்சியிருந்தது ஒரே ஒரு டை. துடைத்துப் பார்த்தேன்: ௭. அதன் இணை போய்விட்டது.

சில ஆண்டுகள் கழித்துப் பேனாவின் மூடி விரிசல் கண்டது. தேர்ந்த கடைசல்காரர் ஒருவர் உடலின் மரையை அளந்து புதுமூடி கடைந்து பார்த்தார். இரண்டு சுற்றில் இறுகிக்கொண்டது. மேலும் தளர்த்தினால் மை கசியும் என்று, காசு வாங்காமல் திருப்பித் தந்துவிட்டார். ‘யார் மரை வெட்டினாரோ, அவர் டாப்பு வேண்டும்’ என்றார். ஹோல்ட்சாப்ஃபெல் பேழையைப் பற்றி நான் பின்னர் படித்தபோது, அந்த வெற்றிடம் எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

அடுக்கே ஏடு

பதினெட்டாம் பெருக்கில் வீட்டு ஏடுகளை ஆற்றில் விட்ட கதையை நாம் கூட்டந்தோறும் வருந்திப் பேசுகிறோம். விட்டவர்கள் பகைவர்கள் அல்லர், அவ்வீட்டுப் பிள்ளைகளே. படிக்கத் தெரியாததால் விட்டார்கள். மாமாவின் மூங்கில் தட்டும் ஓர் ஏடுதான். எது எதனோடு சேரும், எது எதனருகில் இருக்கலாகாது, எது முதலில் செலவாக வேண்டும் என்னும் அறிவெல்லாம் அந்த அடுக்கில் எழுதப்பட்டிருந்தது. கருவிகள் இருந்தால் தொழில் இருக்கும் என்று நினைக்கிறோம். அடுக்கு குலைந்தபின் கருவி இரும்பாகிவிடுகிறது. படிக்கத் தெரிந்த ஒருவன் அக்குடும்பத்தில் இருந்தான். அவன் பிந்தி வந்தான். இக்கட்டுரையின் பாரம் அதுவே.

ஆகவே வட்டத்தின் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பேனா கடைபவரோ, பேனா பழுது பார்ப்பவரோ இருந்தால் ஒருநாள் அவர் அருகில் அமருங்கள். பெட்டிகளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எந்தப் பெட்டியில் எது, ஏன் அங்கே என்று கேட்டுத் தாளில் எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டுங்கள். எண்ணையும் சொல்லையும் அடுத்த தலைமுறை படிக்கும் எழுத்திலேயே எழுதுங்கள். இணைகளைப் பிரிக்காமல் ஒரே உறையில் இட்டு, எந்தப் பேனாவுக்கு உரியது என்று குறியுங்கள். நம் அடுத்த பத்தாண்டில் பத்துப் பட்டறைகளை இவ்வாறு எழுதி வைத்தோமானால், அதுவும் நாம் பதிப்பித்த நூல்களின் வரிசையில் சேரத்தக்கதே.

மூடியில்லாத அந்தப் பேனாவும் ௭ எண்ணிட்ட டையும் என் மேசையில் ஒரே டப்பியில் இருக்கின்றன. வெயில் படாமல், பழுப்புத் தாளில் சுற்றி, மாமா வைத்தபடியே வைத்திருக்கிறேன். டப்பியின்மேல் இரண்டின் வரலாற்றையும் எழுதி ஒட்டியாயிற்று. என்றேனும் எங்கோ ஒரு பழைய இரும்புக் குவியலில் ௭ என்று கீறிய டாப்பு ஒன்றை அன்பர் எவரேனும் கண்டால், அதன் இணை எங்கே இருக்கிறது என்பது இனி உங்களுக்குத் தெரியும்.