குகே

ஜப்பானிய வரலாற்றைத் தமிழில் எழுதும்போது ஃபுஜிவாரா போன்ற அரசவைக் குடும்பங்களையும் படைபலம் கொண்ட டைம்யோக்களையும் ‘பிரபுக்கள்’ என்றே குறிப்பது பொருந்தாது. முன்னவர்க்குரிய சொல் ‘குகே’. ‘கு’ என்பது பொது, அரசு. ‘கே’ என்பது வீடு, குடும்பம். முதலில் பேரரசரையும் அவர் அவையையும் சுட்டிய இச்சொல், ‘புகே’ எனும் போர்க்குடிகள் தலையெடுத்தபின் அவைப் பெருமக்களை மட்டும் குறிக்கலாயிற்று. 669-இல் நகதோமி நோ காமதாரி பெற்ற ஃபுஜிவாரா என்ற பெயரின் வழிவந்த கொனொயே, குஜோ, நிஜோ, இச்சிஜோ, தகத்சுகாசா ஆகிய ஐந்து வீடுகளே குகேயரில் முதலிடம் பெற்றவை. அவற்றின் பெருமைக்கு அடிப்படை படைபலம் அன்று, அவைத் தகுதி. 1869-இல் குகேயரும் டைம்யோக்களும் ஒரே வகுப்பாக்கப்பட்டனரே எனலாம். ஆனால் அவ்வகுப்புக்குக் ‘கஸோக்கு’ என்று வேறொரு சொல் தேவைப்பட்டதே, அதுவரை அவர்கள் வெவ்வேறு வகுப்பினர் என்பதற்குச் சான்று. ஆகவே குகேயை ‘அவைக்குடி’ என்பதே தகும்.