குஷ்டம்னு பேர் வச்சது யாரு?

எங்க மண்ணூர்ல சித்தப்பா பொண்ணுக்கு ஒரு வரன் தட்டிப் போச்சு. காரணம், சித்தப்பா கையில இருக்கிற வெள்ளைத் திட்டு. "வெண்குஷ்டம் இருக்குற வீடாச்சே"ன்னுட்டாங்க. அந்தப் பேரைக் கொஞ்சம் நோண்டலாம்னு இந்தப் பதிவு.

குஷ்டம் கிருமியால வர்றது. 1873-ல நார்வேக்காரர் ஹான்சன் அந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சார். நம்ம செங்கல்பட்டு பக்கம் திருமணியில அதுக்குன்னே பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. வெண்புள்ளி வேற கதைங்க. நம்ம எதிர்ப்பு சக்தியே தோலுக்கு நிறம் தர்ற செல்லைப் போட்டுத் தள்ளுது. தொட்டா ஒட்டாது. குஷ்டத் தேமல்ல உணர்ச்சி மரத்துப் போகும், இதுல போகாது. தோல் வெளுக்கிறதைப் பார்த்து ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சுட்டாங்க, அவ்ளோதான்.

அப்போ பரம்பரையா வருமா? வரவே வராதுன்னு சொன்னா அது பொய். 2007-ல என்.ஏ.எல்.பி.1-ங்கிற மரபணுவுக்குத் தொடர்பு இருக்குன்னு தெரிஞ்சது. அப்புறம் மரபணு வரைபடத்துல ஐம்பது இடம் வரைக்கும் சிக்குச்சு. ஆனா 2003-ல வந்த ஆய்வைப் பாருங்க: அச்சு அசலா ஒரே மரபணு உள்ள இரட்டையர்ல ஒருத்தருக்கு இருந்தா, இன்னொருத்தருக்கும் இருந்தது சுமார் 23 சதவீதம்தான். இரட்டையருக்கே இப்படின்னா, பொண்ணுக்கு வந்தே தீரும்னு எப்படிச் சொல்றது?

2010-ல தமிழக அரசே வெண்குஷ்டம்னு சொல்லாதீங்க, வெண்புள்ளின்னு சொல்லுங்கன்னு ஆணை போட்டுச்சு.

நேத்து தரகர் புது ஜாதகத்தோட வந்தார். சித்தப்பா அந்த வெயில்லயும் முழுக்கைச் சட்டை போட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.