இங்கிலாந்தின் வேலியும் கொடுவாளும்

கி.மு. 57ஆம் ஆண்டிலே நேர்வியர் என்னும் குடியினரோடு பொருத யூலியஸ் சீசர், அவர்தம் வேலிகளைப் பற்றித் தமது போர்க்குறிப்பில் எழுதியுள்ளார். குதிரைப்படை இல்லாத அக்குடியினர், அயலாரின் குதிரை வீரரைத் தடுக்க இளமரங்களை வெட்டி வளைத்து, இடையிடையே முட்செடிகளை வளரவிட்டனர். மதில் போன்ற அவ்வேலியினூடே நுழைதல் மட்டுமன்று, பார்த்தலும் அரிதாயிருந்ததாம்.

இங்கிலாந்தின் வேலிக்கட்டும் ஏறத்தாழ இம்முறையினதே. குளிர்காலத்தில், மரம் உறங்கும் வேளையில், தண்டை நிலத்தை ஒட்டிச் சரிவாக வெட்டுவர். முற்றாகத் துணித்தல் கூடாது. பட்டையும் சிறிது மரமும் எஞ்சுதல் வேண்டும். பின்னர் அதனைச் சாய்த்து, முளைகளுக்கிடையே பின்னுவர். எஞ்சிய அந்நார் வழியே சாறு ஏற, சாய்ந்த தண்டு உயிர் பிழைக்கும். அடிக்கட்டையும் இளவேனிலிலே புதிதாய்த் தளிர்க்கும். ஓர் அடி கூடினும் தண்டு பட்டுப்போகும். குறையினும் சாய்க்கையிற் பிளந்துவிடும்.

இதற்குரிய கருவி நமது கொடுவாக்கத்தியை ஒத்த வளைமூக்குக் கத்தியாகும். இது மாவட்டந்தோறும் வேறுபட்டது. யோர்க்சயர்க் கத்தி நீண்ட பிடியும் இருபுற வாயும் உடையது. லெஸ்ரர்சயர்க் கத்திக்குப் பிடி குறுகியது. அதன் முதுகிலும் ஒரு நேர்வாய் உண்டு. வளைந்த வாய் கொப்பை நழுவவிடாது. நேர்வாய் முளை சீவ உதவும். எடை கைக்கு ஏற்றதா, பிடியின் முனை கை வழுவாது தடித்துள்ளதா என்பனவே வாங்குவோர் முதலிற் பார்ப்பவை. அலங்காரம் எதுவும் இதிற் பயன்படாது.

இவ்வுழவர் கத்தியையே நீண்ட கோலிற் பொருத்திப் போர்க்கருவியாக்கினர். 1513இல் ஃபுளொடன் களத்திலே ஸ்கொத்லாந்தரின் நெடுவேல்களை வென்றது அதுவே. அரசர் நான்காம் ஜேம்ஸும் அக்களத்தில் வீழ்ந்தார்.

ஆயினும் இக்கத்தி செய்த பெருமாற்றம் போரிலன்று, வயலிலேயே நிகழ்ந்தது. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்களைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. அவற்றால் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் நிலம் அடைக்கப்பட்டது. பசு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் ஏழைகள் உரிமை பெற்றிருந்த பொதுநிலங்கள் முள்வேலிக்குள் மறைந்தன. வேளாண்மை பெருகியதென்பது உண்மையே. அப்பேற்றிலே பசுவை இழந்த குடியானவனுக்குக் கிடைத்த பங்கு மிகச் சிறிது. தன்னை வெளியே நிறுத்திய வேலியைக் குளிர்காலக் கூலிக்குச் செப்பனிட்டவருள் அவன் இனத்தாரும் இருந்தனர். 1809ஆம் ஆண்டுச் சட்டத்தால் தம் ஊராகிய ஹெல்ப்ஸ்ரன் அடைக்கப்பட்டதைக் கண்ட கவிஞர் ஜோன் கிளெயர், அத்துயரைப் பல பாடல்களிற் பதித்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், பெரிய இயந்திரங்கள் திரும்புதற்கு இடம் வேண்டி, அவ்வேலிகளே மைல் கணக்கில் பிடுங்கப்பட்டன. வேலிக்கலையைக் காக்க 1978இல் ஒரு தேசிய சங்கம் தோன்றியது. 1997ஆம் ஆண்டு விதிகளின்படி, நாட்டுப்புறத்து வேலிகள் பலவற்றை அனுமதியின்றி அகற்றலாகாது. வேலிக்கட்டுப் போட்டிகளில் இன்றும் அந்தந்த மாவட்ட முறைப்படியே வேலி வளைக்கப்படுகின்றது.