மூச்சுக் காவல் - 7: அடைத்த தொண்டை

1924 ஜூன் 4. எவரெஸ்ட் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தவருக்குத் தொண்டை அடைத்தது. உட்சவ்வு பிய்ந்து குறுக்கே நின்றது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கூப்பிடக் குரலும் இல்லை. முன்னால் போன கூட்டாளி நார்ட்டன், படம் வரையத்தான் இவர் பின்தங்கினார் என்று நினைத்தார். பனியில் உட்கார்ந்தவர், இரண்டு கைகளாலும் நெஞ்சை அமுக்கி, கடைசி முறையாக இருமினார். அடைப்பு வெளியே வந்து விழுந்தது.

அவர்தான் நம்ம நெய்யூர் டாக்டர் சாமர்வெல்.

அவரைக் காப்பாற்றிய அந்த இருமலையே பறித்துவிடும் நோய் ஒன்று உண்டு: மயஸ்தீனியா கிரேவிஸ். நரம்பின் கட்டளையைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை, உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியே தாக்கும். சாயங்காலமானால் இமை தொங்கும். மெல்ல மெல்லத் தாடை ஓயும். பேச்சு மூக்கால் வரும். முற்றினால் சளியைக் காறித் துப்பவும் பலம் இருக்காது. பிறகு மூச்சுத் தசையும் கைவிடும். இந்த நோயுள்ளவருக்கு விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமென்றால், விடியட்டும் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். ஆசாரிபள்ளமோ திருவனந்தபுரமோ, பெரிய ஆஸ்பத்திரிக்கு அந்த ராத்திரியே கிளம்புங்கள்.

1934-இல் சாமர்வெல் நெய்யூரில் அறுவைக் கத்தியோடு நின்ற நாட்களில், லண்டன் கிரீனிச்சில் டாக்டர் மேரி வாக்கருக்கு ஒன்று பொறிதட்டியது. இந்த நோய், அம்பில் தடவும் குராரே விஷம் ஏறியதைப் போலவே இருக்கிறதே! அந்த விஷத்துக்கான முறிவு மருந்து ஃபைசோஸ்டிக்மினை ஊசியில் ஏற்றினார். தொங்கிய இமை உயர்ந்தது.

ஆனால் சில மணி நேரத்தில் இமை மறுபடி சரிந்தது. இந்த வகை மருந்து மிஞ்சினால் எச்சிலும் சளியும் பெருகும். தசை இன்னும் தளரும். மூச்சுத் தசை ஓய்ந்தவருக்கு, அது தெளியும்வரை வேறு யாராவது மூச்சுவிட்டாக வேண்டும்.

விடை இளம்பிள்ளைவாதத்தின் வழியாக வந்தது. 1952 ஆகஸ்ட் 27, கோபன்ஹேகன் பிளெக்டாம் மருத்துவமனை. மூச்சுத்திணறும் 12 வயதுச் சிறுமி. மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் அவள் கழுத்தில் துளையிடச் செய்து, குழாய் செருகி, சளியை உறிஞ்சி, ரப்பர் பையை அமுக்கினார். அவள் திமிறினாள்; காற்று இறங்கவில்லை. இப்சன் பென்டதால் ஊசி போட்டார்.

திமிறல் நின்றது. மூச்சும் நின்றது.

வேடிக்கை பார்த்த மருத்துவர்கள் அறையைவிட்டு வெளியேறத் தொடங்கினார்கள். இப்சனின் கை மட்டும் பையை விடவில்லை.

(தொடரும்)