தொண்ணூற்றைந்து பேருக்குச் சாப்பாடு

போன ஞாயிற்றுக்கிழமை லீட்ஸிலிருந்து மகள் போன் செய்தாள். சனிக்கிழமை தோழிகளோடு யார்க் போய் வந்த கதையைப் பாதி சொன்னாள், மீதியெல்லாம் ஹாஸ்டல் சமையலறைச் சண்டைதான். பாத்திரத்தைக் கழுவாமல் போட்டால் அபராதமாம். மஸ்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. "மக்களே, ஹாஸ்டல் அபராதமெல்லாம் நம்ம ஊர்ப்பக்கம் 866-லயே உண்டு" என்றேன். "சும்மா அடிச்சு விடாதீங்கப்பா" என்றாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு பாறசாலைக்குப் பக்கம். ஊர் கேரளாவில், வீட்டுப் பேச்சு தமிழில். களியக்காவிளையில் எல்லை தாண்டித் தெற்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால், முஞ்சிறை, புதுக்கடை பக்கம் பார்த்திவபுரம் என்ற ஊர். அங்கே பழைய பெருமாள் கோயில் ஒன்று இருக்கிறது. நாகர்கோவிலில் பி.காம். படித்த மூன்று வருடமும் சனிக்கிழமை தோறும் அழுக்குத்துணி மூட்டையோடு பஸ்ஸில் ஊருக்கு வருவேன். அந்தக் கோயிலை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. (அம்மா வைக்கும் மீன்குழம்புதான் அப்போது முக்கியம்.)

ஆய் அரசன் கருநந்தடக்கன் கட்டிய கோயில் அது. முஞ்சிறைச் சபையாரிடம் நிலத்தைப் பறிக்கவில்லை, மாற்று நிலம் கொடுத்து வாங்கினான். கோயிலோடு ஒரு சாலையும் வைத்தான். சாலை என்றால் ரோடு இல்லை, தங்கிப் படிக்கும் கல்விக்கூடம். புகழ்பெற்ற காந்தளூர்ச் சாலைதான் அதற்கு மாதிரி. விவரமெல்லாம் செப்பேட்டில் இருக்கிறது. திருவனந்தபுரம் ஹஜூர் கச்சேரியில் இருந்ததால் ஹஜூர் செப்பேடு என்று பெயர். கோபிநாத ராவ் அதைப் படித்து அச்சில் கொண்டுவந்தார்.

மொத்தம் 95 இடம். பவிழிய சரணத்துக்கு 45, தைத்திரீயத்துக்கு 36, தலவகாரத்துக்கு 14. (கூட்டிப் பார்த்துவிட்டேன், சரியாக வருகிறது. தொழில் புத்தி!) சேருவதற்கு வியாகரணம் தெரிந்திருக்க வேண்டும். அது போதாது, மூன்று ராஜ்யங்களின் நடைமுறையும் தெரிய வேண்டும். சேர, சோழ, பாண்டிய நாடுகள் என்று அறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். ஒருவரை ஒருவர் ஏசினால் அபராதம். சபை கூடும்போது ஆயுதத்தோடு வரக்கூடாது. மடத்தில் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளக் கூடாது. இப்படியெல்லாம் விதி எழுத வேண்டி வந்தது என்றால் பையன்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கவர்ந்தது பணவிஷயம்தான். சாப்பாட்டுச் செலவுக்கு நிலம் எழுதி வைத்தார்கள். முதலில் கை வைக்காமல் விளைச்சலில் நடத்துவது, நாங்கள் கார்ப்பஸ் ஃபண்டு என்கிறோமே, அதுதான். நான் மகளை அனுப்பியது கல்விக் கடனில். தவணை நாள் வரும்போதெல்லாம் கருநந்தடக்கன் ஞாபகம் வருகிறது.

ஆனால் அந்த 95 இடமும் வேதம் ஓதுகிறவர்களுக்கு மட்டும். நிலத்தை உழுதவன் பிள்ளைக்கு ஓர் இலைகூடப் போடவில்லை. எங்களைப் போன்றவர்களின் முன்னோர் அவன் பக்கம்தான் நின்றிருப்பார்கள். ஏறத்தாழ ஆயிரம் வருடம் கழித்து, 1809-ல் ரிங்கல்தௌபே மயிலாடியில் தொடங்கிய பள்ளி நாகர்கோவிலுக்கு வந்து, 1893-ல் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அப்படித் திறந்த கதவுகள் வழியாகத்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் உள்ளே போனார்கள்.

அப்புறம் வந்தது 1956. திருவாங்கூர் தமிழர்கள் நெய்யாற்றின்கரையையும் கேட்டார்கள். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடே நடந்தது. கடைசியில் 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் மதராஸ் மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளாவில் தங்கியது. பார்த்திவபுரம் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். கல்லூரியில் சேரப் போனபோது நான் வெளிமாநில மாணவன். தகுதிச் சான்று, இருப்பிடச் சான்று என்று இரண்டு மாநில அலுவலகங்களுக்கும் அப்பாவும் நானும் நடந்தோம். மலையாளத்தில் இருந்த ஒரு காகிதத்தை வாங்க மறுத்துவிட்டார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்று ராஜ்ய நடைமுறை தெரிந்திருந்தால் சமாளித்திருப்போமோ என்னமோ!

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஆகஸ்டில் ஊருக்கு வரும்போது பார்த்திவபுரம் போகலாம் என்றாள் மகள். சாலை இப்போது இல்லை, கோயில் மட்டும்தான் என்றேன்.

"பரவாயில்லப்பா. போயிட்டுப் பாட்டி வீட்டுக்குச் சாப்பிடப் போவோம்."